பத்து நிமிடத் தேக்கா

சிங்கப்பூருக்குள்ளேயே, ஆங் மோ கியோவிலிருந்து தேக்காவுக்கு என்ன பெரிய தூரம்? டாக்சியில் இருபது நிமிடம். அதற்குப் போய்க் கண்ணாடி மாட்டிவிடுகிறார்களாம்!

என் வீட்டுக்காரர் கோவிந்தராசுவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பகலில் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் இருப்பார். மாதம் ஒருமுறை வேனில் தேக்காவின் இந்தியக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார்கள், நானும் போவேன். அந்த ஒரு நாள்தான் மனுஷன் தானாகக் கேட்டுச் சவரம் செய்துகொள்வார்.

இந்த மாதம் வேன் வரவில்லை. நிலையத்தில் வேலை பார்க்கும் வித்யா ஒரு படிவத்தை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இனிமே அவுட்டிங் இல்ல. வீஆர் ஹெட்செட் வந்துடுச்சு. கண்ணாடி மாதிரி மாட்டிக்கிட்டு, இங்கேயே உக்காந்து பத்து நிமிஷம் தேக்காவைச் சுத்திப் பாக்கலாம். வெயில் இல்ல, கூட்டம் இல்ல, ரொம்ப சேஃப் லா. சம்மதம்னு ஒரு சைன் போடுங்க."

"வெயிலும் கூட்டமும் இல்லாட்டி அது என்னம்மா தேக்கா?"

"நீங்களே பாருங்க," என்று என் வீட்டுக்காரர் தலையில் அதை மாட்டிவிட்டாள்.

அவர் பார்ப்பது சுவர்த்திரையில் எங்களுக்கும் தெரிந்தது. சிராங்கூன் சாலை, பூக்கடை, காய்கறிக்கடை, எல்லாம் கழுவி வைத்த மாதிரி. அவர் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார். மறுபடியும் பின்னால்.

"பாத்தீங்களா, எவ்ளோ என்ஜாய் பண்றாரு!"

நாற்பத்தாறு வருடமாக அந்தச் சாலையில் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் வருவேன். நாலு கடைக்கு ஒருதரம் நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். என்ஜாயாம்! மனுஷன் என்னைத் தேடுகிறார்.

"சுசீலா!" நாக்குக் குழறியது. "எங்க போன? சுசீலா!"

ஓர் அடி தள்ளித்தான் நின்றேன். கையைப் பிடித்தேன். யாரோ என்று உதறிவிட்டு, ஆளில்லாத தெருவில் என்னைத் தேடினார்.

அந்தச் சனியனைப் பிடுங்கி மேசையில் போட்டேன். படிவத்தை நாலாகக் கிழித்தேன். அவருடைய சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளினேன்.

"ஆன்ட்டி, தனியா கூட்டிட்டுப் போறது ரிஸ்க் லா!"

"இப்ப நடுத்தெருவுல அவரைத் தனியா விட்டியே, அதுக்குப் பேரு சேஃபா?"

டாக்சி ஓட்டுநரும் நானுமாக அவரைத் தூக்கி ஏற்றினோம். என் இடுப்பு விட்டுப்போனது. தேக்காவில் வெயில் மண்டையைப் பிளந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவன் காய்கறி வண்டியால் என் காலை இடித்தான், திட்டினேன்.

நாலாவது கடையில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"வர்றேன், வர்றேன். முன்னாடி பாருங்க," என்று அவரையும் திட்டினேன்.