இரண்டாவது போர்ட்

தீனா செத்தது ஞாயிறு மதியம். மறுநாள் காலை மேனேஜர் டென்னிஸ் எனக்குப் போன் செய்தார். "பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. கம்ப்யூட்டர் சரியா இருக்கான்னு வந்து பாத்து வை."

காசிமேட்டில் இருக்கும் அந்த ஐஸ் ஃபேக்டரியில் இன்னும் விண்டோஸ் 98 ஓடுகிறது. சிரிக்காதீர்கள், அம்மோனியா கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி அதோடு மட்டும்தான் பேசும். கசிந்தால் கம்ப்யூட்டர் தன் மோடம் வழியாக வால்வ் ஆபரேட்டர் அலெக்ஸாண்டர் வீட்டு லேண்ட்லைனுக்கு டயல் செய்யும். அவர் வீடு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். ஓடி வந்து வால்வை மூட இரண்டு நிமிடம் போதும். ஞாயிறு அவர் வரவில்லை. உள்ளே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தீனா கதவருகே விழுந்து கிடந்தான்.

அலெக்ஸாண்டர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று தண்டையார்பேட்டை வரை பேச்சு. பஸ்ஸில் வரும்போது நானும் அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

மோடமை டயல் செய்யவிட்டுப் பார்த்தேன். கம்மென்று இருந்தது. போன் ஒயரில் டயல் டோன் வந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தேன். ஒயர் சொருகும் இரண்டு சீரியல் போர்ட்டுகளில் மவுஸ் இரண்டாவதில் இருந்தது. அதை அங்கே மாட்டியது நான்.

வெள்ளிக்கிழமை மவுஸ் நகரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல் போர்ட்டில் ஒரு பின் வளைந்திருந்தது. நிமிர்த்தச் சோம்பல்பட்டு இரண்டாவதில் மாட்டினேன். இந்தப் பழைய மெஷினில் இரண்டாவது போர்ட்டுக்கும் மோடமுக்கும் உள்ளே ஒரே பாதை. மவுஸ் ஓடினால் மோடம் ஊமை. இருபத்தைந்து வருடமாக இதே பிழைப்பு, எனக்குத் தெரியாதா? ஒரு தடவை டயல் செய்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, சோம்பேறி நாய்.

ட்வீசரால் பின்னை நிமிர்த்தி மவுஸை முதல் போர்ட்டுக்கு மாற்றினேன். டென்னிஸிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பின்னாலேயே அலெக்ஸாண்டர், கண் வீங்கிப்போய்.

"போனு அடிக்கவேயில்ல சார், மாதா மேல சத்தியமா. பூசை முட்ச்சிட்டு வந்து ஒரு கட்டிங் வுட்டேன், அவ்ளோதான். போனாண்டதான் படுத்துகினு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "டயல் பண்ணுங்க."

மோடம் டயல் செய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. தெருவுக்கே கேட்கும்படி அடித்தது.

"இதுல ஏதாவது மாத்தினீங்களா?"

சொன்னால் கேஸ் என் மேல் வரும். பயந்துவிட்டேன்.

"இல்ல சார். தூசிதான் தட்டினேன்."

அலெக்ஸாண்டர் அந்தச் சத்தத்தையே கேட்டபடி நின்றார். இவ்வளவு நேரம் அடித்துச் சொன்ன மனுஷனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்டின்னா அன்னிக்கும் அட்ச்சிகீது சார். எனுக்குத்தான் கேக்கல. தீனாவ நான்தான் சாவடிச்சிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அலெக்ஸாண்டர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நைனா, உன்னாண்ட பேனா கீதா?"

கொடுத்தேன்.