விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் சூடாக இருக்கும்: அறை, இல்லையென்றால் தண்ணீர். சுவரோடு கட்டிய பழைய அடுப்பு விரிசல் விட்டுப் புகை கக்கியதால், பனிக்கு முன்பே மின்கணப்பு வாங்கினோம். அதற்கு வயர் இழுத்தவன் எர்மெக். அன்றிலிருந்து, கணப்பு எரியும்போது கெட்டிலைப் போட்டால் வாசல் மணி அடிக்கும். அடித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும். அதைச் சரிசெய்ய எர்மெக் ஒன்பது முறை வந்தான். பத்தாவது முறை வந்து என் தங்கை நுர்சாதாவைப் பெண் கேட்டான்.

அவன் அம்மா சபீரா அவனையும் கூட்டிக்கொண்டு, தோடு கொண்டுவந்தார். தங்கையின் காதில் அதை மாட்டிவிட்டால் நிச்சயம் முடிந்தது.

நுர்சாதா முன்பே எச்சரித்திருந்தாள். "அண்ணே, வயரிங் பத்தி மூச்சு விடக்கூடாது. பையன் பெரிய வேலைக்காரன்னு அவங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க."

மூச்சு விடாமல் இருப்பது எனக்குச் சுலபம். அவர்கள் வருமுன் கணப்பை அணைத்து, ஒரே தடவையாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மறுபடி கணப்பைப் போட்டேன். இனிக் கெட்டிலைத் தொடவே வேண்டாம் என்று, படிக்கும்போது எனக்கு ஊற்றிக்கொள்வதுபோல், எல்லோருக்கும் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினேன்.

பேச்சு நின்றது. இப்படி அமைதியாக உட்காரத் தெரிந்த சம்பந்தம் கிடைத்ததே என்று எனக்கு மனம் நிறைந்தது.

சபீரா கோட்டை எடுத்து மாட்டினார். "ரொம்ப சந்தோஷம் தம்பி. முதல் கிண்ணத்துலயே வழியனுப்பிட்டீங்க."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றுவோம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம்.

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி? எங்க வீட்டுக்கு மாடு பார்க்க வந்தவனுக்குக்கூட நான் இப்படி ஊத்துனதில்ல."

காரணத்தைச் சொன்னால் எர்மெக்கின் மானம் போகும். சொல்லாவிட்டால் தோடு போகும். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, வாயத் தொறங்க!"

"நீதானே தொறக்காதேன்னு சொன்னே?"

"எதைப் பத்தி?" என்றார் சபீரா.

எர்மெக் துள்ளி எழுந்தான். "இரும்மா, நான் புதுசா டீ போடறேன். போன வாரம்தான் எல்லாத்தையும் சரிபண்ணேன்."

கெட்டில் சுவிட்சைத் தட்டினான். நுர்சாதா கண்ணை மூடிக்கொண்டாள். வாசல் மணி அடித்தது. கணப்பின் சிவப்பு மங்கி அணைந்தது.

சபீரா கதவைத் திறந்து பார்த்தார். பனிதான் நின்றது. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"இங்கயுமா?"

"அம்மா, வயர் பழசு..."

"நம்ம வீட்டுல இஸ்திரியப் போட்டா மணி அடிக்குது. பேய் வேலைன்னியேடா! மூணு மாசமா கசங்குன பாவாடையோட கல்யாணத்துக்கெல்லாம் போயிட்டு வர்றேன்!"

நுர்சாதாதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சபீரா அவளை உற்றுப் பார்த்தார்.

"இவன் வேலை தெரிஞ்சுமா கட்டிக்கறேங்கறே?"

"தெரிஞ்சுதான் அத்தை."

"அப்ப காதக் காட்டு. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

குளிரில் அவர் விரல்கள் விறைத்திருந்ததால் தோட்டின் கொக்கி ஏறவில்லை. சபீரா தன் கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டார்.

"இப்பத்தான் தெரியுது தம்பி," என்றார், "நீங்க நெறைய ஊத்துனது நல்லதுக்குத்தான்."