இப்பதான் சாப்பிட்டேன்

சொல்வது ஒன்று, சொல்ல வருவது வேறு. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் தருமபுரியில் ஒரு கல்லூரியில் மொழியியல் நடத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறான் அன்பு. "பசிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அது தகவல் இல்ல, வேண்டுகோள்" என்று அவன் பலகையைத் தட்டும்போது பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அவனுக்கு இதுவரை விளங்கியதில்லை.

அங்கேயே வேதியியல் எடுக்கும் மணிமேகலையைக் கட்டிக்கொள்ள அவனுக்கு உயிர் போகிற ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். "அப்பாகிட்ட நீங்களே வந்து கேளுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பதற்றத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினான்.

பெண் கேட்டு வந்தவனிடம் அவள் அப்பா நஞ்சப்பன் நன்றாகவே பேசினார். மழை, போர்வெல், சாமந்தி விலை எல்லாம் முடிந்து எழுந்தார்.

"எலை போட்டிருக்குது. வாங்க, சாப்பிடலாங்க."

உள்ளேயிருந்து வடை வாசனை வந்தது. வயிறு எழுந்தேவிட்டது. அன்புக்குள் இருந்த வாத்தியார்தான் எழவில்லை. முதல் அழைப்பு மரியாதைக்கு, அதை மரியாதையாக மறுக்க வேண்டும், இரண்டாவது அழைப்புதான் நிஜம். வகுப்பில் அவன் படம் போட்டு விளக்குகிற இடம் இது.

"வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்."

நஞ்சப்பன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "சரிங்க" என்றார். இரண்டாவது அழைப்பு வரவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மணிமேகலை போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"பொண்ணு கேட்டு வந்த வூட்டுல கை நனைக்காம போனா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? அப்பா எலைய சுருட்டி வச்சுட்டாரு. பையனுக்கு இஷ்டமில்லன்னு சித்தப்பாவுக்குச் சொல்லப்போறாரு."

தெரியும். சம்மதமென்றால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அவன் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த பாடம்.

"அது வந்து... சம்பிரதாய மறுப்புன்னு..." என்று விளக்க ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். வாசலில் நஞ்சப்பன் கையில் போனோடு நின்றிருந்தார்.

"பசிக்குதுங்க" என்றான் மூச்சிரைக்க.

"இப்பதான் சாப்பிட்டேன்னீங்களே?"

"பொய்ங்க. காலையிலருந்து பட்டினி."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மணி, எலைய போடு."

குழம்பு ஆறியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. கண் சிவந்திருந்த மணிமேகலை சோற்றோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

'வேண்டா' என்று வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயில் அவசரமாக ஒரு வடையைத் திணித்துக்கொண்டு, வைக்கச் சொல்லிப் பலமாகத் தலையாட்டினான்.