பீரோ ஏறும் வீடு

1.

டயர்க்கடைக்காரர் தரவேண்டிய பாக்கி நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.

அவருடைய வீட்டு மாடிப்படி அகலமானது.

இந்த இரண்டு வரிக்கும் நடுவே ஒரு கதை மாட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதுகிறவன் கதை எழுத உட்காரவில்லை. பாக்கியைக் கேட்டு டயர்க்கடைக்காரருக்கு ஒரு கடிதம் போடத்தான் உட்கார்ந்தான். 'ஐயா, வணக்கம்' வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. ஏன் வீட்டைக் காலி செய்தோம் என்று எழுதவேண்டிய இடத்தில் பேனா வழி தவறிவிட்டது. சில பக்கங்கள் போன பிறகுதான், இது கடிதம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

(முதலில் 'நான்' என்றுதான் எழுதிப் பார்த்தான். அந்த 'நான்' எதற்கெடுத்தாலும் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தான். 'அவன்' என்று மாற்றியதும் வாயை மூடிக்கொண்டான். அதனால் அவன்.)

2.

தொடக்கங்கள்.

'அது ஒரு மழைக்காலக் காலை. மேகங்கள்...'

(மழையே இல்லை. கதை என்றால் மழை பெய்யவேண்டும் என்று நினைத்துவிட்டான். அடித்தாயிற்று.)

'தன் பிள்ளைகள் நல்ல இடத்தில் வளரவேண்டும் என்று எண்ணிய ஒரு தகப்பன்...'

(எந்தத் தகப்பன்? அவன் எண்ணியது பீரோவை.)

சரி, உள்ளது உள்ளபடி. அவன் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற ஆள். லாரி நிற்கிற ஷெட்டை முதலாளி பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார். வேலை போன இடத்துக்குக் குடும்பமும் போகவேண்டும். ஆறு வயதில் ஒரு பையன், நான்கு வயதில் ஒரு பெண். பெரியவன், குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவது.

"உனக்கென்னடா கவலை?" என்றார் லாரி டிரைவர் அண்ணன். "அந்த ஊர்ல நீ ஏறாத மாடி உண்டா? எந்தத் தெரு நல்ல தெருன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவியே."

அவனும் அப்படித்தான் நம்பினான். எந்தத் தெருவில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும், எந்த வீட்டில் திருப்பத்தில் கட்டில் சிக்கும், எல்லாம் அவன் தோளுக்குத் தெரியும்.

(இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், சொல்ல அலுப்பாகத்தான் இருக்கிறது. சாமான் இறக்குகிறவன் ஒரு வீட்டைப் பார்ப்பது அது காலியாக இருக்கும்போது மட்டும்தான். அந்தக் குடும்பம் அங்கே முதல் வாய் சோறு சாப்பிடும்போது அவன் லாரியில் பாதி வழி வந்திருப்பான். இத்தனை வருடத்தில் அவன் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் போயிருக்கிறான். ஒன்றில்கூட ஒரு பிள்ளை விளையாடிப் பார்த்ததில்லை. இது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.)

3.

புரோக்கர் காட்டியது இரண்டு வீடு.

ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடி. சந்துக்குள் பைக்கைக்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. யாரோ வீட்டுப் பிள்ளைகள் அதில் நொண்டியடித்துக்கொண்டிருந்தன. இவர்களைப் பார்த்து ஒதுங்கக்கூட இல்லை. படி குறுகல். அவன் முதல் திருப்பத்தில் நின்று கையை விரித்து அளந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

இன்னொன்று, பெரிய ரோட்டில் டயர்க்கடைக்கு மேலே, முதல் மாடி. படி அகலம். திருப்பமே இல்லாமல் ரோட்டிலிருந்து நேராக மேலே போனது. லாரி வாசலிலேயே நிற்கும். இப்படி ஒரு படியை அவன் கனவில்தான் கண்டிருக்கிறான்.

"ரெண்டு ஆள் சிரிச்சுப் பேசிக்கிட்டே பீரோவ ஏத்திடலாம்," என்றான்.

அவன் மனைவி படியையும் பார்த்தாள், ரோட்டையும் பார்த்தாள்.

"பீரோவா வளரப்போகுது? பிள்ளைங்கதானே வளரப்போகுது?"

புரோக்கர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே டயர்க்கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தான்.

4.

மனைவி என்கிற பாத்திரத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது.

மேலே இருப்பதை மனைவியிடம் படித்துக் காட்டினான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நான் அன்னைக்கு இவ்வளவு நல்லாவா பேசினேன்?"

"பேசினியே."

"பேசல. வாயே திறக்கல. எனக்கும் அந்தப் படி பிடிச்சுதான் இருந்தது. காய்கறிப் பையும் கையுமா மூணு மாடி ஏறப்போறது நீங்களா, நானா?"

"பீரோவா வளரப்போகுதுன்னு கேட்டது?"

"அது பிறகு. எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம். கெட்டப்புறம் யாருக்குத்தான் புத்தி வராது?" கீரைக்காம்பை ஒடித்தாள். "அந்த எடத்த மாத்தி எழுதுங்க. தப்பு முழுக்க உங்களுதுன்னு நீங்க ஒருத்தரே தூக்கிட்டுப் போகாதீங்க. பீரோவுக்கு ரெண்டு முனை. ஒண்ண நானும் பிடிச்சிருந்தேன்."

(மாற்றவில்லை. அந்த வரியை யாராவது ஒருவர் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். கதையிலாவது சொல்லட்டும். ஆனால் அவள் வாயே திறக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.)

5.

இதுதான் எழுத வராத பகுதி.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடலாம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் ஒரு ஆள் நிற்பான். டிரைவருக்கு அவன் தெரியமாட்டான். இன்ஜின் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் இரும்புக் கதவில் தட்டுவதுதான் பாஷை. இரண்டு தட்டினால் பின்னால் வா. ஒன்று தட்டினால் நில். அவ்வளவுதான்.

வீட்டில் குட்டிக்கு அதுதான் விளையாட்டு. அவன் முட்டிபோட்டு லாரி ஆவான். அவள் சுவரில் இரண்டு தட்டுவாள். அவன் 'டுர்ர்ர்' என்று பின்னாலேயே நகர்ந்து வருவான். ஒன்று தட்டினால் நிற்பான். ஒன்று தட்டுவதில் அவளுக்குப் பெரிய ஆசை கிடையாது.

அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மத்தியானம். லாரிக்குக் காற்றடிக்க வண்டியை டயர்க்கடைக்குள் பின்னால் எடுத்தார்கள். அவன் பின்னால் நின்று இரண்டு தட்டினான். வண்டி வந்தது. தரையில் ஒரு ஜாக்கி கிடந்தது. ஒன்று தட்டினான். நின்றது. ஜாக்கியை எடுத்து ஓரமாக வைக்க அந்தப் பக்கம் போனான்.

அப்போது குழந்தை

(இல்லை.)

மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை, அப்பாவின் தட்டுச் சத்தத்தைக் கேட்டு, அந்த அகலமான படியில்

(பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.)

குட்டி இறங்கி வந்தாள். தடுக்க ஒரு திருப்பம்கூட இல்லாத படி. கையில் ஸ்பூன். லாரிக்குப் பின்னால், லாரிக்கும் டயர் அடுக்குக்கும் நடுவே வந்து நின்றாள். ஸ்பூனால் இரும்புக் கதவில் இரண்டு தட்டினாள்.

டங், டங்.

வண்டி பின்னால் வந்தது.

தான் தட்டாத தட்டை அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டான். பிறகு என்ன செய்தான் என்று டயர்க்கடைப் பையன்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். இரண்டு கையாலும் லாரியின் பக்கவாட்டில் அறைந்தானாம், மேளம் அடிக்கிற மாதிரி. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. அந்தத் தட்டுக்கு அவர்கள் பாஷையில் அர்த்தமே கிடையாது. அர்த்தம் தெரியாததால்தான் டிரைவர் அண்ணன் பிரேக்கில் கால் வைத்தார்.

குட்டி டயர் அடுக்கில் முதுகு ஒட்டி நின்றிருந்தாள். ஒரு கீறல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! லாரி நான் சொன்னாக் கேக்குதுப்பா!"

டிரைவர் அண்ணன் இறங்கி வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அப்படியே ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார். "ரெண்டு கேட்டதுடா. சத்தியமா ரெண்டுதான் கேட்டது," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

6.

சந்து வீடு அதுவரை காலியாகத்தான் இருந்தது. அந்த வாரமே மாறினார்கள். பீரோவை விற்றுப் பாதி அட்வான்ஸ் கொடுத்தார்கள். மீதியை மாதக் கடைசிக்குள் தரவேண்டும். தராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறது என்று வீட்டுக்கார அம்மா நயமாகவே சொல்லிவிட்டாள். அந்த மீதி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கதையின் முதல் வரியில் இருக்கிறது.

(பீரோ அந்த அகலப் படியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு ஆள் போதும். யாரும் சிரித்துப் பேசவில்லை.)

டயர்க்கடைக்காரர் கெட்டவர் இல்லை. வில்லனாக்கப் பார்த்தான், மீசை வைத்தும் பார்த்தான், ஒட்டவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

"அதான் ஒண்ணும் ஆகலையேப்பா?"

"ஆகல சார்."

"ஒரு வருஷம் இருக்கறதாத்தானே பேச்சு? நடுவுல போனா நான் எங்க போறது? உன் காச கடையில போட்டாச்சு. வேற குடும்பம் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், அப்படியே உன் கையில தந்துடறேன்." பிறகு, ஏதோ நல்ல யோசனை வந்தவர் மாதிரி, "உனக்குத் தெரியாத ஆளா? தெனமும் வீடு மாறுறவங்களோடதானே இருக்க? நீயே ஒரு குடும்பத்தப் பிடிச்சுட்டு வாயேன். அன்னைக்கே செட்டில்."

போன வாரம் ஒரு வீட்டில் சாமான் ஏற்றினார்கள். இந்த ஊருக்கு வருகிற குடும்பம். நர்ஸ் வேலை பார்க்கிற அம்மா. இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பேசி வைத்த வீடு கடைசி நேரத்தில் தட்டிப்போயிற்றாம்; சாமான்களை அக்கா வீட்டில் போட்டுவிட்டுத் தேடவேண்டுமாம். பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவனைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க எல்லா ஏரியாவும் பார்த்திருப்பீங்க. பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு வீடு சொல்லுங்களேன். எங்கிட்ட ஒரு பீரோ வேற இருக்கு. படி கொஞ்சம் அகலமா இருந்தாப் போதும்."

அவன் ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "நாளைக்கு அக்கா வீட்டுல இறக்க வரும்போது சொல்றேம்மா," என்றான்.

சாயங்காலம் வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

கீழே சந்தில் பெரியவன் யாருடனோ ஆட்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். குட்டி சாக்பீஸ் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

7.

முடிவுகள்.

அ) 'ஒரு வீடு இருக்கும்மா, பெரிய ரோட்டுல' என்கிறான். பாக்கி வருகிறது. சந்து வீடு நிலைக்கிறது. நர்ஸம்மாவின் பிள்ளைகளிடம் ஸ்பூன் இருக்கிறதா என்று அவன் யோசிப்பதில்லை. எல்லாப் பிள்ளையுமா லாரி விளையாடும்? (உண்மைதானே? எல்லாப் பிள்ளையும் விளையாடாது. இந்த முடிவில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.)

ஆ) 'எனக்கு ஒண்ணும் தெரியலம்மா' என்கிறான். அவள் புரோக்கரிடம் போகிறாள். புரோக்கர் காட்டுவது இரண்டு வீடு. ஒன்றில் இவன் இருக்கிறான்.

இ) எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் வேறு இடம் பார்க்கிறாள். அப்புறம் மாதக் கடைசி வருகிறது.

(ஈ என்று ஒரு எழுத்து இருக்கிறது. அதில் டயர்க்கடைக்காரர் மனம் மாறி மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே பணத்தை நீட்டுகிறார். எழுதும்போது கை வலிக்காத ஒரே முடிவு. அடித்தாயிற்று.)

மாதக் கடைசியில் வீட்டுக்கார அம்மா என்ன சொல்வாள் என்பதை இவன் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை, தோள் வலிக்கிறது. இத்தனை நேரம் கூடவே தூக்கி வந்தீர்கள், கடைசிப் படியை நீங்களே ஏறிக்கொள்ளுங்கள். அவளை நல்லவளாக்க விரும்பினால் ஆக்குங்கள், உங்கள் புண்ணியம்.

அவன் செய்ய மிச்சம் ஒரு வேலைதான். டயர்க்கடைக்காரருக்குப் போகவேண்டிய தாளை எடுத்து, 'ஐயா, வணக்கம்' என்பதற்குக் கீழே, 'அந்தப் பணத்தை மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்' என்று எழுதி மடித்தான். பிறகு இந்தக் கதையின் முதல் பக்கத்துக்கு வந்தான். முதல் வரியின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தான்.

இனி இந்தக் கதை இரண்டாவது வரியிலிருந்துதான் தொடங்கும். போன வாரம் சாமான் ஏற்றிய மறுநாள் அக்கா வீட்டு வாசலில், பீரோவை இறக்கி வைத்துவிட்டு, அந்த நர்ஸம்மாவிடம் அவன் சொல்லத் தொடங்கியதும் அந்த அகலமான படியிலிருந்துதான், குட்டியின் ஸ்பூன் வரைக்கும்.