தேனீ என்றொரு பயனர்

அன்று சாயங்காலம் அக்கா சர்வர் அறையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே கணினிப் பிரிவு. வீட்டுச் சண்டையை அலுவலகத்திலும் அலுவலகச் சண்டையை வீட்டிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

“பேர் என்னடி வைக்கிறது?” என்றாள் அக்கா.

“எதுக்கு?”

“நெட்வொர்க் படுத்துக்கிட்டாலும் எந்த மெஷினுக்குள்ளயும் நாம நுழையற மாதிரி ஒரு அக்கவுண்ட். இங்க உக்காந்தே எல்லாத்துலயும் போட்டுடப் போறேன். இனிமே மேசை மேசையா அலைய வேண்டாம்.”

“தேனீன்னு வை. ஆபீஸே உன்னை அப்படித்தானே கூப்பிடுது.”

மேசைக்கு மேசை பறந்து, ஒவ்வொருவரிடமும் ஏதாவது முணுமுணுத்துவிட்டு வருவதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அக்கா சிரித்துக்கொண்டே அதையே தட்டினாள். தங்கையின் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டதும் திரையில் ‘தேனீ’ வந்து நின்றது. அக்கா தானே அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து சரிபார்த்துக்கொண்டாள்.

“பாஸ்வேர்டை நாளைக்குச் சொல்றேன். இப்ப சொன்னா பஸ் ஏறறதுக்குள்ள மறந்துடுவே.”

மறுநாள் காலை வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா, “ஒரு மாதிரி இருக்குடி,” என்று கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். சீப்பை அவள் விரல்களிலிருந்து தங்கைதான் எடுத்தாள்.

தங்கை வேலைக்குத் திரும்பிய அன்று, அலுவலகத்தின் எல்லாத் திரைகளிலும் அந்தப் பெயர் இருந்தது. மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. எல்லாக் கதவையும் திறக்கற சாவி அது. பாஸ்வேர்டும் நம்ம யாருக்கும் தெரியாது. விட்டு வைக்க முடியாது. வெளியிலேருந்து யாரையாவது கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் சார். அவ போட்டதை வெளியாள் தொட வேண்டாம். நானே எடுத்துடறேன்.”

அன்று மாலை எல்லோரும் கிளம்பத் தொடங்கியதும் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து அந்தக் கணக்கை அழித்தாள். நாற்காலிகளில் இன்னும் மற்றவர்களின் சூடு இருந்தது.

காலையில் டைப்பிஸ்ட் அம்மாள்தான் முதலில் கூப்பிட்டாள். “இங்க வாயேன். உங்க அக்கா போகமாட்டேங்கறா.”

பார்த்ததும் தங்கைக்குப் புரிந்துவிட்டது. கணினிகளில்தான் அழித்திருக்கிறாள், அக்காவின் கட்டளை சர்வரில் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு கணினியும் காலையில் விழித்ததும் சர்வரைக் கேட்கும். ‘தேனீ இல்லையா, உண்டாக்கு’ என்று சர்வர் சொல்லும். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளிய வேலை. தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

“ஏதோ கோளாறு மேடம், பாக்கறேன்,” என்றாள். பார்க்கவில்லை. மாலையில் மறுபடியும் மேசை மேசையாக அழித்தாள். காலையில் பெயர் திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேலைக்கு வருகிற ஒருத்தி மாலையில் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வருவது போலத்தான் இருந்தது. தங்கை காலையில் முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

மதியச் சாப்பாட்டில் டைப்பிஸ்ட் அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “கோவிச்சுக்காதே. நீ நிஜமா அழிக்கறியா, இல்ல சாயங்காலம் வழியனுப்பிட்டு காலையில வரவேற்கறியா?”

தங்கை டப்பா மூடியையே திருகிக்கொண்டிருந்தாள். “இங்க வந்துடறா மேடம். வீட்டுலதான் வரமாட்டேங்கறா.”

அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மேனேஜர் ஒருநாள் அவள் மேசைக்கே வந்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்மா என்னால சமாளிக்க முடியும். மேலிடத்துல வெளியாளைப் பேசி வச்சுட்டாங்க. வந்தாங்கன்னா சர்வரையே துடைச்சிட்டுப் புதுசா போடுவாங்க.”

சர்வரைத் துடைத்தால் அக்கா இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியது எல்லாம் போய்விடும். பெயர் ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்றது மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை சர்வர் அறைக்குப் போனாள். அக்காவின் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அந்தக் கட்டளையைத் திறந்தாள். ‘உண்டாக்கு’ என்றிருப்பதை ‘அழி’ என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. கை கொஞ்ச நேரம் மவுஸ் மேலேயே கிடந்தது.

“சர்வருக்காகத்தான் அக்கா,” என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

திங்கட்கிழமை டைப்பிஸ்ட் அம்மாள் திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

தங்கை தன் கணினியைப் போட்டாள். பட்டியலில் பெயர் இல்லை. வேலை சரியாக முடிந்ததா என்று உள்ளே போய்ப் பார்த்தாள். ஒருவர் ஒருமுறை நுழைந்தாலே போதும், கணினி அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். கணக்கை அழித்தாலும் அது போகாது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தேனீ என்று இருந்தது. பக்கத்தில், அக்கா நுழைந்த அந்தச் சாயங்காலத்தின் தேதி.