தொப்பிக்குள் ஓடிய காட்சி

எங்கள் ஊர்ப் படக்கொட்டகைக்குக் கூரை கிடையாது. நான்கு பக்கமும் தகரம், நடுவே கான்வாஸ் நாற்காலிகள், எதிரே வெள்ளையடித்த பலகைத் திரை, மேலே வானம். சனிக்கிழமை பொழுது சாயும்போது ஆற்றங்கரை மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பித் திரைக்கு மேலே பறந்து போகும். அவை போய் முடிந்த பிறகுதான் புரொஜக்டரைப் போடுவேன். என் கணவர் இருந்த காலத்து வழக்கம் அது. அவருக்குப் பின் நானும் மாற்றவில்லை.

இடப்பக்கத் தூணில் ஓர் ஆணி உண்டு. முன்பு அதில் கயிறு கட்டி, பூர்வகுடிகள் அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். கயிறு போய் நெடுநாளாகிறது. ஆணி மட்டும் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு அதில் தோரணம் கட்டுவோம்.

போன வருடம் மழையில்லாக் காலத்தில் ஒரு சினிமாக் கூட்டம் எங்கள் ஊரான கூலிபாவுக்கு வந்து இறங்கியது. எருமை பிடிக்கிறவன் ஒருவன், சதுப்பில் விமானம் விழுந்து வழி தெரியாமல் நிற்கும் ஒரு நகரத்துப் பெண்ணைக் கரை சேர்க்கிற கதை. வழியெல்லாம் முதலை, பாம்பு, சிரிப்பு. எங்கள் மதுக்கடையில் ஒரு காட்சி எடுத்தார்கள். அதில் ஊர்க்காரர்களையே உட்கார வைத்தார்கள். போகும்போது ரப்பர் முதலையை மறந்துவிட்டுப் போனார்கள். அது இன்றும் மதுக்கடைக் கூரையில் வாயைப் பிளந்தபடி வெயில் காய்கிறது.

நடித்தவர்களில் வசனம் கிடைத்தது ஒருவருக்குத்தான். வேலி போடும் மெர்வ். எழுபதை நெருங்கிய மனிதர், வெயிலில் காய்ந்த முகம், அதைவிடக் காய்ந்த தொப்பி. கதாநாயகன் தான் அடித்த முதலையின் நீளத்தை அளந்து காட்டும்போது மெர்வ் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், “போன வாரம் சொன்னப்ப அந்த முதலை இன்னும் குட்டையா இருந்துச்சே” என்று சொல்ல வேண்டும். சொன்னார். அவர் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்த இன்னொருவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாரும் எழுதிக் கொடுத்தது அல்ல. இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

சிரித்தவரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவர் எங்கள் ஊர்ப் பூர்வகுடிப் பெண் டல்சியின் தம்பி. எருமை பிடிப்பதில் இந்தப் பிரதேசத்திலேயே அவருக்கு இணை கிடையாது. மெர்வும் அவரும் ஒரே நெருப்பில் தேநீர் கொதிக்க வைத்து இருபது முப்பது வருடம் வேலி போட்டவர்கள். படம் எடுத்த பிறகு வந்த மழைக்காலத்தில் டல்சியின் தம்பிக்குக் காய்ச்சல் வந்து, ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால் பெரியவர்கள் போதும் என்று சொல்லும்வரை அந்தப் பெயரை யாரும் வாயால் எடுக்கக் கூடாது. முகத்தைப் படத்தில் பார்க்கவும் கூடாது. போகிறவர் தன் பெயர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்த்துவிடுவார், பயணம் தடைபடும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தபால் லாரி ஓட்டுகிறவருக்கும் அதே பெயர். டல்சியின் ஆட்கள் அன்றிலிருந்து அவரைப் ‘பேரில்லாதவர்’ என்று அழைத்தார்கள். மனிதர் முதலில் குதித்தார். “எங்க அம்மா வச்ச பேரு, செத்தது அவரு, பேரு போனது எனக்கா?” என்று கடைக்குக் கடை புலம்பினார். பிறகு பழகிவிட்டது.

படம் நாடு முழுவதும் பிய்த்துக்கொண்டு ஓடியது. சிட்னியில் தெருக்கோடி வரை வரிசை நின்றதாகக் கேள்விப்பட்டோம். எடுத்த ஊருக்குத்தான் கடைசியில் வந்தது. வெள்ளிக்கிழமை பேரில்லாதவர் லாரியிலிருந்து ரீல் பெட்டிகளை இறக்கியபோது, மெர்வ் முடி வெட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மறுநாள் பஸ்ஸில் அவர் மகள் கிளெனிஸ் அடிலெய்டிலிருந்து வருகிறாள். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது மாடு ஓட்டப் போன மெர்வ் திரும்பிப் போகவே இல்லை. பிறகு வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான் உறவு. இந்தப் படம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் துணிந்து டெலிபோன் செய்தார். அப்பா சினிமாவில் பேசுகிறேன், வந்து பார் என்றார். அவள் வருகிறேன் என்றாள். மகளுக்குக் காட்ட அவரிடம் இருந்தது அந்த ஒரு வசனம்தான்.

சனிக்கிழமை காலையில் டல்சி வந்தாள். எங்கள் சிறிய கோயிலுக்குப் பாதிரியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் டல்சி பாட்டை எடுத்துக் கொடுப்பாள், நான் ஆர்மோனியம் வாசிப்பேன். அவள் கர்த்தரையும் விடவில்லை, தன் முன்னோர் சட்டத்தையும் விடவில்லை. இரண்டும் அவளுக்குள் ஒரே கிளையில் உட்கார்ந்த இரண்டு பறவை மாதிரி இருந்தன. படத்தைப் போடாதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

“எடித் அக்கா, நாங்க சாயந்திரமே ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடறோம். பெட்டி ஊரை விட்டுப் போனதும் வருவோம். நீங்க பாட்டுக்குப் படம் போடுங்க.”

பிள்ளைகள் பார்க்க ஆசையாக இருந்தார்களே என்றேன்.

“இருந்துச்சுங்க. என்ன பண்றது? காத்து எங்க பக்கமாத்தான் அடிக்குது. அவன் சிரிப்பு அவன் காதுலயே விழுந்து திரும்பிட்டான்னா? இப்பத்தான் கொஞ்ச தூரம் போயிருப்பான்.”

சொல்லிவிட்டு, வழக்கம்போல் என் வாசலில் கிடந்த இலைகளைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

மனசு கேட்கவில்லை. பகலில் மூன்றாவது ரீலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எறும்பு அளவில் முகங்கள். மெர்வும் அவரும் ஒரே படச் சட்டத்துக்குள், தோள் இடித்துக்கொண்டு. ஒருவரை மறைத்து ஒருவரைக் காட்ட வழியே இல்லை. படத்தை வெட்ட எனக்கு உரிமையும் இல்லை. புரொஜக்டரில் ஒளியை மறைக்கும் தகடு உண்டு. அதைத் தள்ளி, சத்தத்தையும் குறைத்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருட்டு. அதோடு முடிந்தது. ஆனால் அந்த இருட்டில் மெர்வும் போய்விடுவார்.

ஜெபித்தேன். எழுந்து போய் அவரிடமே கேள் என்றுதான் மனசு சொன்னது.

மெர்வ் மதுக்கடைப் பின்கட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்தில் நின்றது. கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தார்.

“ஆயிரம் மைல் பஸ்ல உக்காந்து வர்றா எடித். நான் அவளுக்கு என்னத்தக் காட்டுறது? வேலிக் கம்பியையா?”

பக்கத்தில் நின்ற பேரில்லாதவர் சும்மா இருக்கவில்லை. “என் பேரையே பிடுங்கிக்கிட்டாங்க, உன் மூஞ்சி எம்மாத்திரம்?” என்று சிரித்தார். மெர்வ் சிரிக்கவில்லை. முடியாது என்று என்னிடம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டே. நான் வற்புறுத்தவில்லை. ஒரு மனிதனிடம் இருப்பதே ஒன்றுதான் என்னும்போது அதைக் கேட்டதே அதிகம் என்று பட்டது.

மாலையில் பஸ் வந்தது. கிளெனிஸ் நாற்பது வயதுப் பெண், சிவந்த களைத்த முகம், அப்பாவின் மூக்கு. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், நிலம் வாங்கி விற்கிறவர்களைப் போல.

வௌவால்கள் கிளம்பின. ஊரே வந்துவிட்டது. தூரத்துப் பண்ணைகளிலிருந்து வண்டிகளில் வந்தவர்கள் வாசலில் நின்று இறைச்சி அடைத்த சூடான மாவுப் பண்டம் தின்றுகொண்டிருந்தார்கள். இடப்பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசை காலி. யாரும் அதில் போய் உட்காரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கிளெனிஸ் நடு வரிசையில் இருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியும் காலி. மெர்வைக் காணவில்லை.

இனியும் காத்திருக்க முடியாது என்று விளக்கை அணைக்கப் போனேன். அப்போது தகரக் கதவு திறந்தது. முதலில் பிள்ளைகள் வந்தார்கள், போர்வையும் தலையணையுமாக. பிறகு பெரியவர்கள். பிறகு டல்சி. எல்லோருக்கும் பின்னால் மெர்வ், இடுப்பில் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, முழங்கால்வரை ஆற்று நீர் நனைந்த புதுக் கால்சட்டையோடு.

அவர்களை உட்கார வைத்துவிட்டு என் அறைக்கு ஏணியில் ஏறி வந்தார்.

“போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்னுதான் போனேன். குழந்தைங்கல்லாம் கரையில வரிசையா உக்காந்திருக்கு. எல்லாம் ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. ஒண்ணு கூடத் திரும்பல.” மூச்சு வாங்கினார். “எப்பன்னு சொல்லு. நான் மறைக்கிறேன்.”

தகடு இருக்கிறது, நானே தள்ளிவிடுவேன் என்றேன்.

“என் மூஞ்சிய மறைக்கறதுன்னா நான்தான் மறைக்கணும்” என்று தொப்பியைக் கழற்றினார்.

படம் ஓடியது. ஜனங்கள் சிரித்துச் சிரித்து நாற்காலிகள் கிறீச்சிட்டன. சதுப்பில் விமானம் விழுந்தது. எருமை ஒன்று கதாநாயகனைத் துரத்தியது. டல்சியின் பிள்ளைகள் எழுந்து நின்று அந்த எருமைக்கு வழி சொன்னார்கள். மூன்றாவது ரீல் வந்தது. திரையில் எங்கள் மதுக்கடையின் கதவு தெரிந்ததும் எல்லோரும் ஒருமுறை மூச்சை இழுத்தார்கள். நான் மெர்வின் முழங்கையைத் தொட்டேன். சத்தத்தை அடியோடு குறைத்தேன். அவர் தொப்பியைப் புரொஜக்டர் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார்.

இருட்டு.

எங்கள் ஊரில் படம் அறுந்தால் தகரத்தைக் காலால் உதைப்பார்கள், விசிலடிப்பார்கள். அன்று ஒரு சத்தம் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. திரைக்கு மேலே நட்சத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. எங்கோ ஆற்றின் அக்கரையில் இராப்பறவை ஒன்று நீளமாகக் கூவி ஓய்ந்தது. கீழே தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மடிக்கு வருவது எனக்கு மேலிருந்து மங்கலாகத் தெரிந்தது. மழை வாசனை இல்லாத காற்று, மழைக்கு முன்பு வருவதுபோல் மெதுவாக வந்து எல்லோர் மேலும் தடவிப் போனது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மெர்வ் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். தொப்பியின் உட்புறத்தில், வேர்வைக் கறையின் மேல், வெளிச்சம் அசைந்தது. உருவம் எதுவும் இல்லை, வண்ணங்கள் மட்டும். அந்தக் கூட்டாளிகள் இருவரும் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முதலையைப் பற்றிச் சொன்னார். ஒருவர் சிரித்தார். வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நானும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

முடிந்தது என்று மறுபடி முழங்கையைத் தொட்டு, சத்தத்தைக் கூட்டினேன். தொப்பி விலகியது. திரையில் கதாநாயகன் ஏற்கெனவே தெருவுக்கு வந்திருந்தான், ஒரு நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரவு தன் பாட்டில் நகர்ந்தது.

படம் விட்டதும் எல்லோரும் வாசலில் நின்றார்கள். மெர்வ் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கிளெனிஸ் அவரிடம் வந்து, “நீங்க எங்க இருந்தீங்கப்பா? நான் பாத்துக்கிட்டே இருந்தேனே” என்று கேட்டாள். குரலில் பழைய வருத்தம் ஒன்று எட்டிப் பார்த்தது. முப்பத்து நான்கு வருடமாக அவள் கேட்க நினைத்ததும் அதுதான்.

மெர்வ் தொப்பியைக் காட்டினார். அதற்குள் டல்சி வந்துவிட்டாள். நடந்ததை மெதுவான குரலில், இறந்தவர் பெயரைச் சொல்லாமல், முழுவதும் கிளெனிஸிடம் எடுத்துச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“என் தம்பிக்காக உன் அப்பா தன் முகத்தையே குடுத்தாரு. இனி இவரு எனக்கு அண்ணன். அப்ப நான் உனக்கு யாரு? அத்தை. இனிமே ஊருக்கு வந்துட்டு என்னைப் பாக்காமப் போனா திட்டுவேன்.”

கிளெனிஸ் அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், முழங்கால்வரை சேறு காய்ந்திருந்த கால்சட்டையைப் பார்த்தாள்.

“என்ன வசனம்ப்பா அது?”

“சின்னதுதான்.”

“சொல்லுங்க.”

மெர்வ் டல்சியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். சொன்னால் தப்பில்லை, அது அவருடைய வார்த்தைதானே. அவர் குனிந்து, கேமரா முன் நிற்பதைவிடக் கூச்சத்தோடு மகளின் காதில் அந்த முதலையைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு. டல்சியும் சிரித்தாள், பிறகு முந்திக்கொண்டு வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கிளெனிஸ் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று டல்சியின் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ரீல் பெட்டிகள் மட்டும் அடுத்தடுத்த ஊர்களில் ஓட்டுவதற்காகத் தபால் லாரியில் வடக்கே போயின. பேரில்லாதவர் ஒரு வார்த்தையும் கிண்டலாகச் சொல்லாமல் பெட்டிகளை ஏற்றினார். மூன்றாவது ரீல் எது, மறைக்க வேண்டியது கதவு திறப்பதிலிருந்து நாய் குரைப்பதுவரைதானே என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் திரும்பி வந்தபோது, தேநீரை ஊதிக் குடித்தபடி சொன்னார். வழியில் ஒவ்வொரு ஊரிலும் டல்சியின் சொந்தங்கள் இருந்தார்களாம். ஒவ்வொரு ஊரிலும் படம் போடுகிறவர்களிடம் சொன்னாராம். ஒருவர் துண்டைப் போட்டு மறைத்தாராம். இன்னொரு ஊரில் ஒரு மனுஷி தோசைக்கல் மாதிரி இருந்த வாணலியைப் பிடித்தாளாம், கை வலிக்க வலிக்க. ஓர் இடத்தில் ஆள் யாரும் இல்லாமல் அவரே ஏணி ஏறினாராம்.

எதைக் கொண்டு மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“என் தொப்பிதான். அவருக்கு என் பேரைக் குடுத்தாச்சு. தொப்பி என்ன பெரிசு.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.