கடல் எங்களைப் பார்க்க வந்தது

“பார்க்காத ஊருக்குப் படி இறங்காதே” என்று தொடங்கி என் பெரியப்பா ஒன்று சொல்வார். இரண்டாவது பாதி மறந்துவிட்டது. அதில் ஒரு குடை வரும்.

எங்கள் தெருவில் யாரும் சுற்றுலாவுக்கு நேராகக் கிளம்பிவிடுவதில்லை. போக வேண்டிய இடம் முதலில் வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்க்கும். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிடும். இரண்டு தரப்புக்கும் பிடித்திருந்தால் தேதி குறிப்பார்கள். நான் இருபத்திரண்டு வருடம் பிரான்சில் இருந்தவன். அங்கே டிக்கெட் எடுத்தால் போதும், இடம் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காது. நாடு திரும்பி, மனைவியின் ஊரான திருச்சியில் வீடு பிடித்த பிறகுதான் முறை என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

போன கோடையில் ஒரு மலை, வர நேரமில்லை என்று சொல்லி போட்டோ மட்டும் அனுப்பியது. அமைதியான மலை என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தது. நம்பிப் போனோம். அன்றைக்கு அங்கே பதினாறு ஒலிபெருக்கிகள். எங்கள் மகள் ஆதிரை பேருந்து நிலையத்துத் தரையில் மூன்று மணி நேரம் படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் சுகந்தியும் கால்மாட்டில் நானும் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த பேருந்திலேயே திரும்பினோம்.

ஆதிரைக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சொற்கள் குறைவு, படங்கள் அதிகம். பிரிட்ஜ் கதவில் அவளுடைய நாள் முழுக்கப் படங்களாக ஒட்டியிருக்கும். பல் தேய்ப்பது, இட்லி, வேன், பள்ளி, ஊஞ்சல். படத்தில் இல்லாதது நடக்கக் கூடாது. நடந்தால் தரையில் படுத்துக்கொள்வாள். தரை மட்டும்தான் எப்போதும் சொன்னபடி இருக்கிறது.

ஜனவரியில் ஒரு காலை, ஊஞ்சலுக்கு அடுத்து அவளே வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. நீல நிறத்தில் ஏழு கோடுகள். கடல். பிறந்ததிலிருந்து அவள் ஓர் இடத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சமையலறையில் நின்று இரண்டு மொழிகளிலும் கத்தினேன். சுகந்தி கரண்டியோடு ஓடி வந்தாள். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் தொடவில்லை. கடல் வேண்டாமென்று சொல்லிவிட்டால் கழற்ற வேண்டிவரும். யார் கழற்றுவது என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தரகர் சிங்காரவேலுவைப் பிடித்தேன். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“கொஞ்சம் பெரிய இடம் சார். ஆனா நல்ல குடும்பம். காரைக்கால் பக்கம். உங்க தேவையெல்லாம் எழுதிக் குடுங்க.”

சுகந்தி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அவர் விரல் வைத்துப் படித்தார். “நெய் படாத தோசை. சரி. இடப்பக்க ஜன்னல். சரி. கை உலர்த்துற மெஷின் இல்லாத பாத்ரூம். அது பாக்கணும். திடீர்னு யாரும் கன்னத்தைக் கிள்ளக் கூடாது. கடலுக்கு அந்தப் பழக்கம் இல்ல.” பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. “சத்தம். இதை நான் நேர்ல பேசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்று முடிவானது. பிரிட்ஜில் ஒரு நாற்காலி வரைந்து, அதன்மேல் நீலக் கோடுகள் போட்டு ஒட்டினோம். ஆதிரை அதை ஒரு நாளைக்கு முப்பது தடவை தொட்டுப் பார்த்தாள். நான் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். பக்கத்து வீட்டுப் பிரகாசியம்மாள் நாற்காலிகள் கொண்டுவந்தார். நாங்கள் எங்கே போனாலும் சாவி, கறிவேப்பிலைச் செடி, பால் பாக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு.

“மெத்தை வச்ச நாற்காலியைப் போடாதீங்க தம்பி, நனைஞ்சிரும். இந்தப் பிளாஸ்டிக்கை வச்சுக்குங்க. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? பாக்க வர்றது உங்களையா?”

சரியாக நாலு மணிக்குக் கடல் ஆட்டோவில் வந்து இறங்கியது. கூடவே அதன் அத்தை கழிமுகமும், குடையோடு தரகரும். கடல் நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி. எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, காட்டிய நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தது. ஓர் அலை இல்லை. மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. நாற்காலியைச் சுற்றித் தரை மெதுவாக நனைந்தது. சுகந்தி துண்டு கொண்டுவந்து போட்டாள்.

அத்தை நன்றாகச் சாப்பிட்டார். “பஜ்ஜி பிரமாதம். சட்னியிலதான் உப்பு பத்தல.”

சுகந்தி உப்பு ஜாடியை எடுத்துவந்து வைத்தாள். கடல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

நான் பேச ஆரம்பித்தேன். ஆதிரை எத்தனை மணிக்கு எழுவாள், எந்தத் தட்டில் சாப்பிடுவாள், ரயிலில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், மாற்று ஏற்பாடு என்ன, மாற்று ஏற்பாட்டுக்கு மாற்று என்ன. உற்சாகம் வந்தால் எனக்கு பிரெஞ்சும் கலந்துவிடும். கடல் தலையாட்டிக்கொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று இன்னும் வேகமாகப் பேசினேன்.

ஆதிரை அறையிலிருந்து வந்தாள். கடலின் முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிரிட்ஜுக்குப் போய்த் தன் படத்தைக் கழற்றி வந்து, கடலுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டாள்.

“கடல் இல்ல” என்றாள்.

“கடல்தாண்டா கண்ணு. பாத்து, தரை வழுக்கும். உனக்காகத்தான் சத்தமே போடாம வந்திருக்கு பாரு. பயப்படாத. பாத்து நில்லு. அப்பா சொல்றேன்ல, இது…”

அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க, கொஞ்ச நேரம் பேசாமத்தான் இருங்களேன்” என்றாள் சுகந்தி.

ஆதிரையின் முழங்கால்கள் மடியத் தொடங்கின. தரையைப் பார்த்தாள். தரையும் அன்றைக்கு ஈரமாக இருந்தது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதியில் நின்றாள். படம் அவள் கையில் கசங்கியது.

தரகர் என் காதருகே வந்தார். “தப்பு என் பேர்ல சார். பிள்ளைக்குச் சத்தம் ஆகாதுன்னு எழுதியிருந்தீங்களா, சத்தத்தை ஆட்டோவிலேயே வச்சிட்டு வரச் சொல்லிட்டேன். பொண்ணு பாக்கப் போறப்ப ஊமைப் பிள்ளையையே வாயாடின்னு சொல்லிக் கட்டி வச்சவன் நான். இது என்ன பெரிய விஷயம்னு நினைச்சுட்டேன்.”

சுகந்தி ஒரு வெள்ளை அட்டையையும் பென்சிலையும் ஆதிரையின் முன்னால் வைத்தாள். ஆதிரை வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு காது வரைந்தாள். காதைச் சுற்றிப் பெரிய பெரிய கோடுகள். அதை எடுத்துப் போய் பிரிட்ஜில் நாற்காலிப் படத்துக்கு அடுத்து ஒட்டினாள். அதற்கடுத்துக் கசங்கிய கடலை நீவி ஒட்டினாள். தன் நீல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

“இப்ப” என்றாள்.

தரகர் ஆட்டோவுக்கு ஓடினார். ஒரு கட்டைப் பையில் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து, கூடத்தின் நடுவில் வைத்துப் பையின் வாயைத் திறந்தார்.

அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசின. காலண்டர் ஆணியிலிருந்து கழன்றது. சீவி வைத்த தலை கலைந்து கடல் எழுந்து நின்றது, கூரைவரை. ஆதிரை இரண்டு கைகளையும் சிறகுபோல அடித்துக்கொண்டாள். அவள் சந்தோஷம் எப்போதும் கைகளில்தான் வரும். அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஏழாவது அலை முடிந்ததும் கடல் நின்று மூச்சு வாங்கியது.

“ஏழு” என்றாள் ஆதிரை.

“ஏழு” என்றது கடல்.

மறுபடியும் ஏழு. மறுபடியும் மூச்சு. நான் காரைக்காலில், அந்தக் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன். ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்று கடல் அத்தையிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டார். “பிள்ளையைப் பத்தி ஒரு குறை இல்ல. தோசை, ஜன்னல், பாத்ரூம் எல்லாம் எங்க பொறுப்பு. ஆனா…” என்று என்னைப் பார்த்தார். “தம்பி, உன்னைய எனக்குத் தெரியும். ஆறு வயசுல கரையில நின்னுக்கிட்டு ‘அலை வருது, அலை வருது’ன்னு அலைக்கே சொன்ன பயதானே நீ?”

“ஆமாம் அத்தை.”

“நாலு மணியிலேர்ந்து எண்ணிக்கிட்டிருக்கேன். ‘பாத்து’ன்னு அறுபத்தொரு தடவை. ‘பயப்படாத’ன்னு நாப்பது தடவை. பயந்தது யாரு? அங்க ஒரு நாள் முழுக்க இதைக் கேட்டா எங்க பிள்ளை உள்வாங்கிரும்.” எழுந்துகொண்டார். “ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்.”

எங்கள் பக்கத்தில் கடுதாசி போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தரகர் குடையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். கட்டைப் பையை மறந்து விட்டுவிட்டார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். ஆதிரை காலையில் எழுந்ததும் கடல் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தாள். வியாழக்கிழமை கடிதம் வந்தது. தபால்காரர் தன் சைக்கிள் கேரியரில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். அத்தையின் கையெழுத்து.

‘சனிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. மூன்று பேரும் வரவும். சத்தத்துக்கு நாங்கள் இருக்கிறோம். இரண்டு வேண்டாம்.’

சுகந்தி அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது சிரிப்பும் அழுகையும் வந்து நிறுத்திக்கொண்டாள். ஆதிரை பிரிட்ஜுக்குப் போனாள். சனிக்கிழமை வரிசையில் ரயிலை ஒட்டினாள், இடப்பக்க ஜன்னலை ஒட்டினாள், காதை ஒட்டினாள், ஏழு கோடுகளை ஒட்டினாள். காதுக்கும் கோடுகளுக்கும் நடுவில் புதிதாக ஒரு முகம் ஒட்டினாள். என் கண்ணாடி, என் வழுக்கை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இருந்தும் நான் சிரித்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது.

மாலையில் பிரகாசியம்மாளைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்கென்ன தம்பி, குடுத்துட்டுப் போங்க. பிரிட்ஜுல வைக்கணுமா, வெளியவே இருக்கலாமா?”

“வெளியவே இருக்கலாம். கொஞ்சம் பேசும்.”

“பேசட்டும். எனக்கும் வீட்ல ஆள் இல்ல.”

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, சாவியோடும் கறிவேப்பிலைச் செடியோடும் சேர்த்து, என் குரலைக் கட்டைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டுப் போவதென்று முடிவு செய்தேன்.